கொசு சொல்லாத பத்தாவது பாட்டு

"அம்மா, ஃபேனை நிறுத்து. ரெண்டே நிமிஷம்."

நிறுத்தினேன்.

எங்கள் வீட்டில் அந்த அறையின் மின்விசிறிக்கு ஸ்விட்ச் அறைக்குள் இல்லை. கட்டினவர் என்ன நினைப்பில் இருந்தாரோ, கதவுக்கு வெளியே நடையில் வைத்துவிட்டார். அதனால் என் மகள் கொசு உள்ளே உட்கார்ந்து குரலைப் பதிவு செய்யும்போதெல்லாம் இந்தக் கட்டளை வரும். நான் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் நிறுத்துவேன். முடிந்ததும் "ஆச்சு!" என்று உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். மறுபடி போடுவேன்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுறாரு. வீட்டுல ஒரு ஸ்விட்சை மாத்த மாட்டேங்கிறாரு" என்று அப்பாவைச் சொல்வாள். "ஞாயித்துக்கிழமை பாக்குறேன்" என்பார் அவர்.

அன்று வியாழக்கிழமை. அச்சகத்துக்கு வார விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமிருந்து "இதோ வந்துடறேம்மா" என்று குரல் கேட்டது. "குடை எடுத்துட்டுப் போடி" என்றேன். எடுத்தாளா என்று பார்க்கவில்லை.

அடுத்த தெரு முனையில், வளைவில் திரும்பிய லாரி. மேற்கொண்டு எழுதும் தெம்பு இந்த வாரமும் எனக்கில்லை.

போன வாரம் இந்தத் தொடரை, என் கணவர் ஒரு லிஃப்ட்டுக்குள் உறைந்து நின்றதோடு நிறுத்தியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு அலுவலகக் கட்டடத்தில் கதவு சரியாக மூடவில்லையென்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் உள்ளே ஏறினாள். கையில் போன். அதிலிருந்து எங்கள் மகள் பேசினாள்.

"வணக்கம் மக்களே, நான் கொசு. இந்த வாரம் உங்க காதுல பாட வந்திருக்கிற பத்துப் பாட்டு."

அவள் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

கொசுவுக்கு இருபது வயது. ஒல்லி. எப்போதும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அண்ணன்காரன் வைத்த பெயர் அது. இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். ஜப்பானியக் கணினிக் குரல் பாடல்கள்தான் அதில் விஷயம். மனிதர் பாடாத பாட்டு. யாரோ ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து மெட்டும் வரியும் எழுதிக் கணினிக்குக் கொடுப்பார். கணினி ஒரு பெண் குரலிலோ ஆண் குரலிலோ பாடும். அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம். அதில் தன் வயதுக்காரர்கள் கேட்க வேண்டியதாகப் பத்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு வார்த்தை பேசி, சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போடுவாள். பதினோராயிரம் பேர் கேட்டார்கள்.

முதல்முறை எனக்குப் போட்டுக் காட்டியபோது, "தகர டப்பாக்குள்ள பூனை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றேன். அவள் அப்பா, "எங்க லிஃப்ட்ல 'கதவு மூடுகிறது'ன்னு ஒரு அம்மா சொல்லுமே, அது பாடுற மாதிரி இருக்கு" என்றார்.

"அந்தம்மாவையும் பாட வெச்சிரலாம்ப்பா. பாவம், எத்தனை வருஷமா ஒரே வசனம் பேசுது" என்றாள்.

பரீட்சை வருகிறதென்று முன்கூட்டியே ஐந்து வாரத்துக்குப் பேசிப் பதிவு செய்து, தானாகவே வெளியாகும்படி வைத்திருந்தாள். ஆறாவதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை. ஆக, அவள் போன மறுநாளுக்கு மறுநாளிலிருந்து ஐந்து சனிக்கிழமையும் அவள் குரல் வெளியே போய்க்கொண்டிருந்தது. என் மகனுக்குத் தெரியும். அவன் தடுக்கவில்லை, எங்களிடம் சொல்லவுமில்லை. கேட்பவர்களுக்கோ அவள் இறந்ததே தெரியாது.

இது ஆறாவது சனிக்கிழமை.

---

காலை பத்தரைக்கு அச்சகத்தில் என் மேசைக்கு அவர் வந்தார். அவர் அங்கே வருவதே இல்லை. வேலை உடுப்பு, நெஞ்சுப் பையில் எண்ணெய்க் கறை படிந்த சின்ன திருப்புளி.

"இதைக் கொஞ்சம் பாத்துக் குடு" என்று ஒரு தாளை நீட்டினார். "எழுத்துப்பிழை இருந்தா திருத்து. அஞ்சு மணிக்கு அந்தப் பக்கத்துல போடப்போறேன்."

பிழைதிருத்துவது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாகப் பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு எல்லாம் பார்த்தாயிற்று. புருஷனுடைய கையெழுத்துக்கு இன்றைக்குத்தான் சிவப்புப் பேனா எடுக்கிறேன்.

'கொசு என்று உங்களுக்குத் தெரிந்த எங்கள் மகள் இறந்துவிட்டாள். காதில் இந்தப் பாட்டை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்ததால் லாரிச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. இந்தப் பாட்டுகள்தான் அவளைக் கொன்றன. உங்களுக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள். காதில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள். இந்தப் பக்கம் இன்றோடு மூடப்படுகிறது.'

"இப்படியா போடுறது?"

"வேற எப்படி? பதினோராயிரம் புள்ளைங்க. ஒண்ணாவது பொழைக்கட்டும்."

"அவ பேரு கெட்டுப் போகுங்க. தன் கவனக்குறைவால செத்தான்னு ஆயிடும்."

"செத்தது அப்படித்தானே."

சுற்றியிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. ஆனால் அடுத்த மேசையில் பக்கம் புரளும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"உன் பையன்கிட்டச் சொல்லி வை. நாலு மணிக்கு அந்தக் கணக்கைத் திறந்து வெக்கணும். இல்லேன்னா நான் கம்ப்யூட்டரையே தூக்கி உடைச்சிருவேன். அவன்தானே வாங்கிக் குடுத்தான் அந்த எமனை."

எமன் என்றது ஹெட்போனை. முதல் சம்பளத்தில் தங்கைக்கு வாங்கித் தந்தது. ஆறு வாரமாக எங்கள் வீட்டில் அப்பா மகனிடம் பேசிய பேச்செல்லாம் அதைச் சுற்றித்தான்.

அவர் போனபின் தாளை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். மூன்று ஒற்றுப்பிழை. திருத்தினேன். பழக்கம் விடவில்லை. அடுத்து 'காதில் இந்தப் பாட்டை மாட்டிக்கொண்டு' என்ற இடத்தில் பேனா நின்றது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் சொல்வது உண்மைதானா என்று சந்தேகம் வந்தால் நாங்களாகத் திருத்தக் கூடாது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆதாரம் காட்ட வேண்டியது எழுதியவர் பாடு.

யார் பார்த்தார்கள்? ஆஸ்பத்திரியில் அவள் பையைக் கொடுத்தார்கள். அதில் ஹெட்போன் இருந்தது. "காதுல மாட்டியிருந்திருக்கும். இந்த வயசுப் பசங்களே அப்படித்தானே" என்று போலீஸ்காரர் சொன்னார். அவர் ஊகம். அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சாட்சியாகிவிட்டது. நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்றுதான் இருந்தேன்.

ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மகனைப் பார்க்கக் கிளம்பினேன்.

---

அவனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் பளபளவென்று இருக்கும். பின்கட்டில் அவனும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரமும். தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்ணாடி தேயும் கிறீச் சத்தம். பெயர்ச் சீட்டு ஒட்டின சின்னச் சின்னத் தட்டுகளில் யார் யாருடைய கண்களோ காத்துக்கொண்டிருந்தன.

"என்னம்மா இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

தாளைக் கொடுத்தேன். படித்தான். இயந்திரத்தை நிறுத்தினான்.

"அப்பா இதைப் போடக் கூடாதும்மா."

"ஏன்?"

"போடக் கூடாது. அவ்வளவுதான்."

"டேய். ஆறு வாரமா உங்கப்பா உன்னை வாய்க்கு வந்தபடி பேசுறாரு. நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. உனக்கு அவ்வளவு பொறுமை எங்கேர்ந்துடா வந்துச்சு? சின்ன வயசுல ஒரு பென்சிலுக்கு அவளோட கட்டிப் புரண்டவன் நீ."

அவன் தாளின் ஓரத்தில் இருந்த கேள்விக்குறியைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"அவ காதுல மாட்டியிருந்தாளாடா?"

"இல்ல."

"எப்படித் தெரியும்?"

"ரெக்கார்டிங்கை நிறுத்தாமப் போயிட்டாம்மா. எப்பவும் பண்ற தப்புதான். எத்தனை தடவை திட்டியிருக்கேன், இடமெல்லாம் ரொம்பிடுதுன்னு. அன்னிக்கும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டா. முதல் வாரமே நான் கேட்டுட்டேன்."

"கேட்டுட்டு ஏண்டா வாயைத் திறக்கல?"

அவன் மேசை இழுப்பறையிலிருந்து இயர்போனை எடுத்தான். லென்ஸ் துடைக்கும் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து என்னிடம் கொடுத்தான். போனில் எதையோ தேடி அழுத்தினான்.

"முழுசாக் கேட்டுட்டு நீயே சொல்லு."

முதலில் ஒரு மௌனம். நான் நிறுத்திய மின்விசிறியின் மௌனம் அது. அதன் பின்னால் வெகு தூரத்தில் நான் துணி உதறும் சத்தம். பிறகு அவள்.

"வணக்கம் மக்களே, நான் கொசு. இந்த வாரம் கொஞ்சம் கடிக்கும். ஒண்ணு. முதல் வேலைக்கு முதல் நாள் போறவங்களுக்கு. இந்தப் பாட்டுல அந்தக் குரல் நாலு நிமிஷம் மூச்சே விடாது. மனுஷன் பாடினா செத்துருவான். முதல் நாள் ஆபீஸ்ல நமக்கும் அப்படித்தானே? கேளுங்க, தைரியம் வரும். ரெண்டு. வாடகை ரூம்ல தனியா இருந்து ஃபிரிட்ஜ்கிட்ட பேச ஆரம்பிச்சவங்களுக்கு. வெக்கப்படாதீங்க. இதுல ஃபிரிட்ஜ் திருப்பிப் பேசும்."

சிரித்துவிட்டேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாலு. இன்டர்வியூவுல ஊத்திக்கிட்டு பஸ்ல நின்னுட்டே வர்றப்ப. பாட்டு ஆரம்பத்துல சிரிச்சிட்டே போகும், நம்பாதீங்க, மூணாவது நிமிஷம் அழ வெச்சிரும். ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கங்க. ஆறு. அம்மாகிட்ட பொய் சொன்ன நாளுக்கு. இதுக்கு நான் விளக்கம் குடுக்க மாட்டேன், எங்கம்மா வெளியதான் இருக்காங்க."

என்ன பொய் சொன்னாளோ. இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் கொஞ்சம் நீளமாகப் பேசினாள். "ஒருத்தர் எழுதியிருந்தாங்க, மெஷின் பாடுறதுல என்ன உணர்ச்சி இருக்குன்னு. மனுஷங்க பாடினா அவங்க சோகம் அதுல ரொம்பி இருக்குங்க. இதுல யாரோட சோகமும் இல்ல. காலி ரூம் மாதிரி. அதனால நம்மளுதைக் கொண்டுபோய் வெக்க இடம் இருக்கு."

எட்டு. ஒன்பது. ஒன்பதாவது, காதலைச் சொல்லப்போய்ச் சொல்லாமல் வந்தவர்களுக்காம்.

"பத்தாவது..." என்று ஆரம்பித்தாள். "இருங்க, மறுபடி ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்றேன்."

அவள் ஒரு விதி வைத்திருந்தாள். எத்தனை தடவை கேட்ட பாட்டாக இருந்தாலும், பேசுவதற்கு முன்னால் முழுசாக மறுபடி கேட்டுவிட்டுத்தான் பேசுவாள். 'நேத்து கேட்டது நேத்தைய காது' என்பாள். அதற்காக மணிக்கணக்கில் மின்விசிறி இல்லாமல் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஹெட்போனைத் தட்டும் சத்தம்.

"ஐயோ. இடது பக்கம் சுத்தமாப் போச்சு. இதுல இடது காதுல ஒருத்தி, வலது காதுல ஒருத்தி பாடுவாங்க. பாதியைக் கேட்டுட்டு எப்படிச் சொல்றது?" நாற்காலி நகர்ந்தது. இப்போது அவள் கேட்பவர்களிடம் பேசவில்லை. தனக்குத் தானே முணுமுணுத்தாள். எப்போதும் போல. "பையில போடு. வயரைச் சுத்து. அப்பாகிட்டச் சொல்லி எட்டு நாளாச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைன்னு... எந்த ஞாயித்துக்கிழமையோ. ஆகாதுடா சாமி. கடையிலயே குடுத்துட்டு வந்துடலாம்."

பையின் ஜிப். கதவு. "இதோ வந்துடறேம்மா."

"குடை எடுத்துட்டுப் போடி" என்று என் குரல்.

மகன் கை நீட்டி நிறுத்தினான்.

"இன்னும் பாக்கி இருக்கே" என்றேன்.

"அதுக்கு மேல நீ துணி மடிக்கிற சத்தம். அப்புறம் போன் மணி. அது வேணாம்மா."

இயர்போனைக் கழற்றினேன். முன்பக்கத்தில் யாரோ கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "இது நல்லாயிருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிந்தது.

"அவ கடைக்குப் போனதே அப்பா ரிப்பேர் பண்ணித் தராததாலதான்னு தெரிஞ்சா, மனுஷன் தாங்குவாராம்மா? எமனை வாங்கிக் குடுத்தவன் நானாவே இருந்துட்டுப் போறேன்."

"அப்ப அவரு இந்தத் தாளைப் போடட்டும்ங்கிறியா?"

"அதுவும் முடியாது. அவ மேல பொய்."

"ரெண்டுல ஒண்ணுதாண்டா நடக்கும்."

மணி இரண்டு. ஐந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம். தங்கையின் பெயரைக் காப்பாற்றினால் அப்பா உடைவார். அப்பாவைக் காப்பாற்றினால் தங்கை, பதினோராயிரம் பேர் முன்னால், தன் அலட்சியத்தால் செத்தவளாவாள். அவன் என்னைப் பார்த்தான். ஆறடி வளர்ந்தும், விழுந்து முட்டியில் அடிபட்டால் பார்க்கும் அதே பார்வை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்யாத காரியம்.

"'பாதியைக் கேட்டுட்டு எப்படிச் சொல்றது'ன்னு சொல்றா இல்ல? அப்புறம் பையில போடுறா, வயரைச் சுத்துறா. அந்த இடத்துல நிறுத்திடுவோம். அடுத்த வரிக்குப் போக வேண்டாம். இடது பக்கம் வேலை செய்யல, பையில போட்டுட்டுத்தான் போனா. அவருக்கு இவ்வளவு தெரிஞ்சாப் போதும்."

"உன்னால நிறுத்த முடியுமா?"

"ஒரு வரியை வெட்டத் தெரியாதா எனக்கு?"

---

மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தோம். அவர் எங்களுக்கு முன்னால் வந்து கொசுவின் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரி கொடுத்த பை. ஆறு வாரமாக அலமாரி மேலே இருந்தது. அவரே எடுத்திருக்கிறார். இன்னும் திறக்கவில்லை. சன்னலில் சத்தம் வராமலிருக்க அவள் சாய்த்து வைத்த மெத்தை அப்படியே இருந்தது. அறை கொதித்தது. மூவருக்கும் வேர்வை வழிந்தது. யாரும் நடைப்பக்கம் போகவில்லை.

"திருத்திட்டியா?" என்றார் என்னிடம்.

தாளைக் கொடுத்தேன். ஒற்றுப்பிழைகளைப் பார்த்துத் தலையாட்டினார். கேள்விக்குறிக்கு வந்தார்.

"இது என்னது?"

"ஆதாரம் இல்லாத இடம். அங்க கேள்வி இருக்கு."

"என்ன கேள்வி? செத்துப்போன புள்ளைக்கு இன்னும் என்ன கேள்வி?"

"அப்பா, ஒண்ணு கேக்கணும் நீங்க" என்றான் மகன்.

"நீ பேசாத. உன்னைக் கணக்கைத் திறக்கச் சொன்னேன், அதை மட்டும் செய்."

"திறக்கிறேன். முதல்ல இதைக் கேளுங்க."

கணினியில் போட்டான். நான் மேசைப் பக்கம் நின்று, நிறுத்த வேண்டிய பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டேன். அவர் மகள் பேசுவதை முதல் பாட்டிலிருந்து கேட்டார். ஃபிரிட்ஜ் வரும்போது வாய் கோணியது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. ஒன்பது பாட்டு, பதினான்கு நிமிடம்.

"பத்தாவது... இருங்க, மறுபடி ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்றேன்."

தட்டும் சத்தம். "ஐயோ. இடது பக்கம் சுத்தமாப் போச்சு."

அவர் நிமிர்ந்தார்.

"பாதியைக் கேட்டுட்டு எப்படிச் சொல்றது?" நாற்காலி நகர்ந்தது. "பையில போடு. வயரைச் சுத்து."

நிறுத்தினேன்.

"பாத்தீங்களா?" என்றேன். "காதுல இல்லைங்க. பையில போட்டுட்டுத்தான் போயிருக்கா. ரோட்டைப் பாத்துத்தான் போனா என் பொண்ணு. திரும்பினது லாரி."

மடியிலிருந்த பையைத் திறந்தார். ஹெட்போன் இருந்தது. அதன் வயர், எட்டு வடிவில் இரண்டு விரலில் சுற்றி, நுனியைச் செருகி, கொசு எப்போதும் சுற்றி வைப்பது போலவே. காதில் மாட்டியிருந்ததை யாரும் அப்படிச் சுற்றி வைத்திருக்க முடியாது. ஆறு வாரமாக அந்த ஆதாரம் அலமாரி மேலேயே இருந்திருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

அவர் தாளை எடுத்து, 'காதில் இந்தப் பாட்டை மாட்டிக்கொண்டு' என்பதன்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். முடிந்தது என்று நினைத்தேன். மகனும் நினைத்தான், அவன் தோள் இறங்கியது.

"ஏன் நிறுத்தின?"

"அவ்வளவுதாங்க."

"கம்ப்யூட்டர்ல கோடு இன்னும் பாக்கி இருக்கு. பாதியில நிறுத்தின மாதிரித்தானே தெரியுது."

"அப்பா, வேணாம்ப்பா."

"அவ என்னவோ சொல்ல வந்தா. போடு."

"என்னங்க..."

"போடுன்னேன்!"

நான் போடவில்லை. அவரே எழுந்து வந்தார். எண்ணெய் படிந்த விரலால், எனக்கு முன்னால் கை நீட்டி, அழுத்தினார்.

"அப்பாகிட்டச் சொல்லி எட்டு நாளாச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைன்னு... எந்த ஞாயித்துக்கிழமையோ. ஆகாதுடா சாமி. கடையிலயே குடுத்துட்டு வந்துடலாம்."

ஜிப். கதவு. "இதோ வந்துடறேம்மா."

மகன் நிறுத்தினான்.

கோபமாக இல்லை அவள் குரல். செல்லமாகத்தான் சலித்துக்கொண்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் நின்றபடியே மகனிடம், "எத்தனை நாளாத் தெரியும்?" என்றார்.

"முதல் வாரத்துலேர்ந்து."

"நான் உன்னை எமன்னு சொன்னப்ப?"

"தெரியும்."

"சாப்பாட்டுத் தட்டை வீசினப்ப?"

"தெரியும்ப்பா. விடுங்க. திட்டினா திட்டிட்டுப் போங்க, எனக்கென்ன தேஞ்சா போயிடும்? லென்ஸா நான்?"

அந்த நேரத்திலும் பிள்ளை விளையாட்டாகப் பேசினான். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஹெட்போனின் வயரைப் பிரித்தார். நெஞ்சுப் பையிலிருந்த திருப்புளியால் இடது காதின் மூடியைக் கழற்றினார். உள்ளே முடியளவு ஒரு கம்பி, பற்ற வைத்த இடத்திலிருந்து விட்டுப்போயிருந்தது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சால்டரிங் கம்பியை எடுத்துட்டு வா" என்றார் மகனிடம்.

சூடேறியது. ஈயம் உருகும் வாசனை அறையில் பரவியது. ஒரு சொட்டு. ஊதினார். மூடியை மாட்டித் திருகினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷ வேலை" என்றார். என்னைப் பார்த்து, "ரெண்டே நிமிஷ வேலைடி" என்றார்.

ஆறு வாரத்தில் முதல்முறையாக அவர் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'உங்க மேல தப்பில்லை' என்றால் பொய். 'தப்பு' என்றால் அதுவும் பொய். இப்படிப்பட்ட இடத்தில் ஓரத்தில் என்ன குறி போடுவதென்று எங்கள் தொழிலில் யாரும் சொல்லித் தரவில்லை.

---

நாலே முக்காலுக்கு அவரே தாளைக் கிழித்தார்.

"நீ எழுது. உனக்குத்தான் வரும்."

எழுதினேன். 'கொசு எங்கள் மகள். ஆறு வாரத்துக்கு முன் ஒரு விபத்தில் இறந்துபோனாள். கடைசி ஐந்து வாரமும் நீங்கள் கேட்டது அவள் முன்பே பேசிவைத்தது. உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். இந்த வாரம் ஒன்பது பாட்டுதான். மறுபடி கேட்காமல் அவள் எதையும் சொல்லமாட்டாள். பத்தாவதைக் கேட்க முடியவில்லை.'

அதன் கீழே, அவர் சொல்ல, இன்னொரு வரி சேர்த்தேன். 'சாலையைக் கடக்கும்போது காதில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள். அவளும் அப்படித்தான் செய்தாள்.'

அவள் பேச்சை "இருங்க, மறுபடி ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பதோடு மகன் வெட்டினான். ஐந்து மணிக்குப் போட்டான்.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கொசு சொன்ன முதல் பாட்டைக் கேட்க ஆரம்பித்தார். நாலு நிமிஷம் மூச்சு விடாத பாட்டு. இரண்டு காதையும் கையால் அழுத்திக்கொண்டு, லிஃப்ட் மோட்டாரின் சத்தத்தைச் சோதிப்பவர் போலத் தலையைச் சாய்த்து, நடுவில் அவரும் மூச்சு விட மறந்துபோய்க் கேட்டார்.

ஐந்து நிமிஷம் வரை அந்தப் பக்கத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு வரத் தொடங்கின. நம்ப முடியாதவர்கள், ஒரு சொல் மட்டும் எழுதியவர்கள், லிஃப்ட்டில் ஒருவர் கண்கலங்கி நின்றதைப் பார்த்ததாக எழுதிய ஒருத்தி. மகன் ஒவ்வொன்றாக வாசித்தான். ஒன்றில் நின்றான்.

"அம்மா. இதைப் பாரு."

பெயர் இல்லாத ஒரு கணக்கிலிருந்து.

'பத்தாவது எதுன்னு எனக்குத் தெரியும். இடது காதுல ஒருத்தி, வலது காதுல ஒருத்தி. அதை எனக்காகத்தான் இந்த வாரம் சொல்றேன்னு கொசு சொல்லியிருந்தா. நான் உங்க வீட்டுக்கு வரலாமா? அவ உங்ககிட்ட சொல்லாத ஒண்ணைச் சொல்லணும்.'

வெளியான ஒலிப்பதிவில் அவள் "பத்தாவது" என்று மட்டும்தான் சொல்கிறாள். இரண்டு காதுக்கும் இரண்டு பேர் என்பது நாங்கள் வெட்டிய பகுதியில் இருக்கிறது. அதை இந்த வீட்டுக்கு வெளியே யாரும் கேட்டதில்லை.

"யாருடா இது?"

"தெரியலம்மா."

ஆறாவது பாட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாகிட்ட பொய் சொன்ன நாளுக்கு.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே நடைக்குப் போய் ஸ்விட்சில் கை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் இன்னும் "ஆச்சு" சொல்லவில்லை.

கையை எடுத்துக்கொண்டார். அந்த மின்விசிறி, வியாழக்கிழமை நான் நிறுத்தினபடியே நின்றுகொண்டிருக்கிறது.